சித்தம் கலங்கியோரும் தூக்குத் தண்டனையும்
(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழா மேடையில் தூக்குத் தண்டனையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். கல்விக் கழகத்தின் பணி, சொல்லின் பொருளை அறியச் செய்வது. நீதிமன்றத்தில் ஒரு சொல்லை எவ்வாறு சொன்னார்கள், எதனைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு மனிதனின் உயிர் நிற்பதும் போவதும் உண்டு. அத்தகைய இடம் ஒன்றை அமெரிக்க நாட்டு வழக்குகளிலிருந்து எடுத்துக் காட்ட விரும்புகின்றோம். அந்நாட்டுக் கறுப்பின மக்களின் கதை நமக்கு அயலார் கதையன்று. ஜோதிராவ் ஃபுலே 1873-இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார் என்பதை இவ்வவை அறியும்.

முதலில் ஜூரி என்பதைச் சிறிது விளக்க வேண்டும். நம் நாட்டில் அம்முறை ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டதால் இளைஞர் பலர் அதனை அறியார். ஊராருள் பன்னிருவரைத் தெரிந்தெடுத்து அமர்த்துவர். அவர்கள் சட்டம் படித்தவரல்லர். சாட்சியங்களைக் கேட்டபின், ‘சட்டம் இன்னது கூறுகிறது, நீங்கள் முடிவு செய்ய வேண்டிய கேள்வி இன்னது’ என்று நீதிபதி அவர்களுக்கு எடுத்துரைப்பார். இதனை நாம் நெறியுரை என்போம். பன்னிருவரும் தனியறை சென்று கலந்து பேசி, ‘குற்றவாளி’ என்றோ ‘அன்று’ என்றோ தீர்ப்புரைப்பர். குற்றம் செய்த வேளையில் ஒருவருக்குச் சித்த சுவாதீனம் இருந்ததா என்பதும் அவர்கள் முன் வரும் கேள்வியே. மருத்துவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தும் முடிவு காணாத ஒன்றை, தச்சரும் உழவரும் கடைக்காரரும் அமர்ந்து சில மணி நேரத்தில் முடிவு செய்கின்றனர். அவர்கள் கையிலுள்ள ஒரே அளவுகோல், நீதிபதி உரைத்த சொற்கள்.

அச்சொற்கள் பிறந்த வரலாறு இங்கிலாந்தைச் சேர்ந்தது. 1843 சனவரியில் டேனியல் மக்னாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரான எட்வர்டு டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். ஆளுங்கட்சியினர் தம்மைத் துரத்தித் துன்புறுத்துகின்றனர் என்பது அவரைப் பற்றியிருந்த மயக்கம். ஜூரி அவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று கண்டு தூக்கிலிருந்து விடுவித்தது. அவர் எஞ்சிய வாழ்நாளை மனநோய் விடுதிகளிலேயே கழித்தார். விக்டோரியா அரசியார் இத்தீர்ப்பை விரும்பவில்லை. பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்துக் கேள்விகள் கேட்டது. அவர்கள் தந்த விடையே மக்னாட்டன் விதி. மனநோயால் பகுத்தறிவு குன்றி, தான் செய்யும் செயலின் தன்மையை அறியாதவரோ, அது தவறென்று அறியாதவரோ மட்டுமே தண்டனைக்குத் தப்புவர் என்பது அதன் சாரம்.

இவ்வழக்கில் பலர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. கைது செய்யப்பட்டபோது மக்னாட்டனிடம் 750 பவுனுக்கான வங்கிச் சீட்டு இருந்தது. அந்நாளில் அது பெருந்தொகை. புகழ் பெற்ற வழக்கறிஞரும், மருத்துவர் பலரும் அவர் சார்பில் மன்றத்தில் நின்றனர். அரசுத் தரப்பிலோ எதிர்த்துப் பேச ஒரு மருத்துவரும் அழைக்கப்படவில்லை. கையில் காசுள்ளவரின் மனநோய் மன்றத்தில் நிரூபணமாயிற்று.

காசில்லாதவரின் கதைக்கு வருவோம். மூன்றே ஆண்டுகள் கழித்து, நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் என்னும் ஊரில் நடந்தது அது. வில்லியம் ஃபிரீமன் என்பவர் கறுப்பினத் தந்தைக்கும், கறுப்பின, செவ்விந்தியக் கலப்புடைய தாய்க்கும் பிறந்தவர். தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். ‘சுதந்திர மனிதன்’ என்பதே குடும்பப் பெயர். 1840-இல் பதினாறு வயதளவில் அவர்மீது குதிரைத் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டது. ‘நான் திருடவில்லை’ என்று இறுதிவரை கூறினார். ஐந்தாண்டுச் சிறை. ஆபர்ன் சிறையில் கைதிகள் பகலெல்லாம் வாய் பேசாது ஒப்பந்தக்காரருக்கு உழைக்க வேண்டும், பேசினால் அடி. அங்கே சிறைக் காவலர் ஒருவர் பலகையால் அவர் தலையில் அடித்தார். அதன்பின் காது கேளாமற் போயிற்று. துடியான சிறுவனாகச் சிறை சென்றவர், 1845 செப்டம்பரில் வெளிவந்தபோது கேட்டதற்கு விடை கூறாதவராய், காரணமின்றிச் சிரிப்பவராய் மாறியிருந்தார். ஒரே ஓர் எண்ணம் அவரைப் பற்றிக் கொண்டது: செய்யாத குற்றத்திற்காக ஐந்தாண்டு உழைத்தேனே, அதற்குக் கூலி எங்கே? ஊர் நீதிபதிகளிடம் சென்று கேட்டார். வழக்குப் பதிய மறுத்து அனுப்பிவிட்டனர்.

1846 மார்ச் 12 இரவு, ஆபர்னுக்கு அருகே வான் நெஸ்ட் என்பவரின் வீட்டில் புகுந்து நால்வரைக் குத்திக் கொன்றார். மாண்டவருள் இரண்டு வயதுக் குழந்தையும் ஒன்று. அக்குடும்பத்தார் அவருக்கு யாதொரு தீங்கும் செய்தவரல்லர். இதனை மறைத்தோ குறைத்தோ கூறுவது நமக்கு அழகன்று. மாண்டவர் நால்வர், அவர்தம் இரத்தமும் நீதி கேட்கும் இரத்தமே. ஊர் கொதித்தது. கூட்டத்தார் கையிற் சிக்காமல் அவரைச் சிறையில் சேர்ப்பதே பெரும்பாடாயிற்று.

அவருக்காக வாதாட முன்வந்தவர் வில்லியம் சீவர்டு. அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநர், பின்னாளில் லிங்கனின் அமைச்சர். அவ்வூரிலேயே வாழ்ந்தவர், ஊரின் பகையைத் தேடிக்கொண்டு, ஊதியமின்றி வாதாடினார். அரசுத் தரப்பில் நின்றவர் முன்னாள் குடியரசுத் தலைவரின் மகனான ஜான் வான் பியூரன்.

சித்தம் கலங்கிய நிலையிலுள்ளவரை விசாரிக்கவே கூடாது என்பது அம்மாநிலச் சட்டம். ஆதலின், இவரை இப்போது விசாரிக்கலாமா என்று முடிவு செய்ய முதலில் ஒரு ஜூரி அமர்ந்தது. பதினொருவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக நின்றனர். நன்மை தீமையைப் பிரித்தறியும் ஆற்றல் உண்டா என்பதே கேள்வி என்று நீதிபதி அவர்களுக்கு எடுத்துரைத்தார். அதன்பின், ‘நன்மை தீமையைப் பிரித்தறியும் அளவுக்கு மனத்தெளிவு உடையவர்’ என்று தீர்ப்பு வந்தது. இத்தொடரை உற்றுப் பாருங்கள். ‘சித்தம் தெளிந்தவர்’ என்று அவர்கள் கூறவில்லை; ஓர் அளவுக்குத் தெளிவுடையவர் என்றே கூறினர். கேட்க வேண்டிய கேள்வியும் அதுவன்று. கொலை தவறென்று ஒரு குழந்தையும் அறியும். தம்மீது நடக்கும் வழக்கு இன்னதென்று உணர்ந்து, தம் வழக்கறிஞருக்கு வேண்டியதைச் சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ள வல்லவரா என்பதன்றோ கேள்வி? மன்றத்தில் பேசியது எதுவும் காதில் விழாமல், சிரித்த முகத்துடன் அமர்ந்திருந்தவரைப் பற்றி இக்கேள்வி கேட்கப்படவில்லை.

விசாரணை நடந்தது. யூட்டிகா மனநோய் மருத்துவமனையின் தலைவர் டாக்டர் அமரையா பிரிகாம், இவர் நோயாளியே என்று சாட்சி கூறினார். சிறைக்குப் போகுமுன் எவ்வாறிருந்தார், திரும்பியபின் எவ்வாறானார் என்று அவருடைய உறவினரும் கூறினர். 1846 சூலையில் ஜூரி குற்றவாளி என்றது. செப்டம்பர் 18 தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டது. சீவர்டு மேல்முறையீடு செய்தார். 1847-இல் மாநிலத்தின் மேல்மன்றம் தீர்ப்பைத் தள்ளியது. முதல் ஜூரியிடம் தவறான கேள்வி வைக்கப்பட்டது, அவர்கள் தந்த விடையும் கேள்விக்கு விடையாகாது என்பது காரணங்களுள் ஒன்று. மறுவிசாரணை நடைபெறவே இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபிரீமன் காச நோயால் சிறை அறையில் மாண்டார். உடலை ஆராய்ந்த பிரிகாம், மூளை நோயுற்றிருந்ததைக் கண்டார். கண்டு என் செய்வது?

அக்காலம் வேறு, இக்காலம் வேறு என்று கூறுவாருண்டு. இக்காலத்தையும் பார்ப்போம்.

அமெரிக்காவில் மரண தண்டனைக்குரிய வழக்கில் ஜூரரைத் தெரிந்தெடுக்கும்போதே, ‘தேவையானால் மரண தண்டனை விதிக்க உம்மால் இயலுமா?’ என்று கேட்பர். எந்நிலையிலும் இயலாது என்போரை விலக்குவர். ஆகவே, குற்றவாளி என்று கூறினால் என்ன ஆகக்கூடும் என்பதைப் பன்னிருவரும் முதல் நாளே அறிவர். ஆனால், சித்த சுவாதீனமின்மையால் குற்றவாளி அல்லர் என்று கூறினால் என்ன ஆகும்? விடுதலை பெற்று வீட்டுக்குப் போவாரா? இல்லை. பெரும்பாலும் அவர் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்படுவார்; தண்டனைக் காலத்தினும் நீண்ட காலம் அங்கேயே வைத்திருக்கலாம் என்று 1983-இல் உச்ச நீதிமன்றமே கூறியுள்ளது. இந்த உண்மையை ஜூரருக்குச் சொல்லத்தான் பல மன்றங்கள் மறுக்கின்றன. 1994 சூனில் ஷானன் வழக்கில் உச்ச நீதிமன்றம், கூட்டாட்சி மன்றங்களில் பொதுவாக இதனைச் சொல்ல வேண்டியதில்லை என்றது. அது மரண தண்டனை வழக்கன்று. தண்டனை ஜூரியின் கவலையன்று என்பது காரணம். வியப்பு யாதெனில், அதே மாதத்தில் அதே மன்றம் சிம்மன்ஸ் வழக்கில் வேறு வழி சென்றது. ‘இவர் எதிர்காலத்திலும் ஆபத்தானவர்’ என்று அரசு வாதிட்டு மரண தண்டனை கோருமானால், ஆயுள் தண்டனை பெற்றால் அவர் வெளியே வரவே முடியாது என்பதை ஜூரி அறிய வேண்டும் என்றது. ஒரு கதவின் பின்னே இருப்பதைச் சொல்ல வேண்டும், மறு கதவின் பின்னே இருப்பதைச் சொல்ல வேண்டா என்பது நம் அறிவுக்குப் பொருந்தவில்லை. பின்விளைவை எண்ணாதீர் என்று சொல்வதால் மனிதர் எண்ணாமல் இருப்பதில்லை. தவறாக எண்ணுவர், அவ்வளவே.

டெக்சஸ் மாநிலத்தில் ஆண்ட்ரியா யேட்ஸ் என்னும் தாய், கடும் மனநோய்க்கு ஆளாகி, 2001-இல் தம் குழந்தைகள் ஐவரையும் நீரில் மூழ்கடித்தார். 2002-இல் அவரை விசாரித்த ஜூரருக்கு அம்மாநிலச் சட்டப்படி இப்பின்விளைவு சொல்லப்படவில்லை. மனநோயை எவரும் மறுக்கவில்லை. தவறென்று அறிந்திருந்தார் என்றே ஜூரி குற்றவாளி என்றது. எனினும் மரண தண்டனை தராமல் ஆயுள் தண்டனை தந்தது. அரசு தரப்பு மருத்துவர் ஒருவர் தவறான செய்தி ஒன்றைச் சாட்சியத்தில் கூறியது வெளிப்பட்டு, 2005-இல் தீர்ப்பு தள்ளுபடியாயிற்று. 2006-இல் வேறொரு ஜூரி அவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று கண்டது. அதே சட்டம், அதே செயல், அதே தாய். தீர்ப்பு மட்டும் வேறு.

அதே மாநிலத்தில் ஆண்ட்ரே தாமஸ் என்னும் கறுப்பின இளைஞர், 2004-இல் பிரிந்து வாழ்ந்த வெள்ளையின மனைவியையும் இரு குழந்தைகளையும் கொன்றார். சில நாட்களில் சிறையில் தம் கண் ஒன்றைத் தாமே பிடுங்கினார். விசாரணைக்குத் தகுதியுடையவர் என்று அவரைத் தேற்றி நிறுத்தினர். போதையால் விளைந்த மயக்கமே அது என்று அரசு வாதிட்டது. தாமே வருவித்துக்கொண்ட போதை சட்டத்தில் காப்பாகாது. ஜூரர் அனைவரும் வெள்ளையர். அவருள் மூவர், இனம் கடந்த திருமணத்தை ஏற்பதில்லை என்று முன்னரே தெரிவித்தவர்கள். 2005-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2008-இல் மற்றொரு கண்ணையும் பிடுங்கினார். 2022-இல் உச்ச நீதிமன்றம் அவர் முறையீட்டை ஏற்க மறுத்தது. நீதிபதி சோட்டோமேயர் உள்ளிட்ட மூவர் மாறுபட்டனர். 2023 ஏப்ரலுக்குக் குறிக்கப்பட்ட நாள் பின்னர் விலக்கப்பட்டது. கலப்பு மணம் புரிந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த நம் குடும்பங்களுக்கு, அந்த மூவர் எத்தகைய மனத்துடன் அங்கு அமர்ந்திருப்பர் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நெறியுரையே பொய் சொல்லத் தூண்டிய வழக்கும் உண்டு. ஜானி பென்றி அறிவு வளர்ச்சி குன்றியவர். இளமையில் கொடிய அடி பட்டவர். டெக்சஸ் ஜூரியிடம் அன்று சில கேள்விகளே தரப்பட்டன: வேண்டுமென்றே செய்தாரா? இனியும் ஆபத்தானவரா? அனைத்துக்கும் ‘ஆம்’ எனில் மரணம். இரங்குதற்குரிய நிலையை எடைபோட அங்கு இடமே இல்லை. 1989-இல் உச்ச நீதிமன்றம் அது தவறென்றது. மறுவிசாரணையில் நீதிபதி என்ன செய்தார்? கேள்விகளை மாற்றவில்லை. ஆயுள் தண்டனையே தகுமென்று கருதினால், உண்மையில் ‘ஆம்’ என்று விடையிருந்தாலும் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று எழுதுக என்னும் பொருள்படக் கூறினார். உண்மையே உரைப்போம் என்று சத்தியம் செய்தவர்கள் எங்ஙனம் பொய் எழுதுவர்? 2001-இல் உச்ச நீதிமன்றம் இதனையும் தள்ளிற்று.

வர்ஜீனியாவில் வீக்ஸ் என்பவர் வழக்கில் ஜூரர் தாமே ஐயம் கேட்டனர்: குற்றத்தின் கொடுமை நிரூபணமானால் மரண தண்டனை விதிப்பது எங்கள் கடமையா, அன்றி ஆயுள் தண்டனையும் தரலாமா? நீதிபதி, முன்பு தந்த நெறியுரையின் அதே பத்தியைப் படிக்கச் சொன்னார். ஈராண்டு எழுத்துக் கற்ற பிள்ளைக்கும் ‘புரியவில்லை’ என்றால் வேறு சொல்லால் விளக்குவதே ஆசிரியர் கடமை என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவர். ஜூரர் திரும்பி வந்து மரண தண்டனை என்றனர்; அவருள் பலர் கண்ணீர் வடித்தனர். 2000-இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதனை ஏற்றது. அவ்வாண்டே அவர் உயிர் போயிற்று.

இவ்விருளில் விளக்கேற்றிய ஒருவரைக் கூறாமல் இருத்தல் தகாது. தர்குட் மார்ஷல், 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவர். அவரைச் சட்டம் படிக்க வைக்க, அன்னையார் தம் திருமண மோதிரத்தை அடகு வைத்தார் என்பர். 1985-இல் ஏக் என்பவரின் வழக்கு வந்தது. அவருக்கு இருந்த ஒரே எதிர்வாதம் சித்த சுவாதீனமின்மை. ஆயினும் மருத்துவரை அமர்த்தக் காசில்லை. ஓக்லஹோமா அரசு மருத்துவரைத் தர மறுத்தது. குற்றம் நடந்த வேளையில் அவர் மனநிலை எவ்வாறிருந்தது என்று கூற மன்றத்தில் ஒருவரும் இல்லை. எவரும் தெளிந்த மனத்தினரே என்று சட்டம் கொள்ளும் என்னும் நெறியுரையை மட்டும் கேட்டு ஜூரி முடிவு செய்தது, மரண தண்டனை. இத்தகைய வழக்கில் ஏழைக்கு மனநல மருத்துவரின் உதவியை அரசே தர வேண்டுமென்று மார்ஷல் தீர்ப்பெழுதினார். மறுவிசாரணையில் ஏக்கிற்கு ஆயுள் தண்டனையே கிடைத்தது. அடுத்த ஆண்டு ஃபோர்டு வழக்கில், சித்தம் கலங்கிய நிலையிலுள்ளவரைக் கொல்லுதல் அரசியலமைப்புக்கு முரண் என்ற முதன்மைத் தீர்ப்பும் அவர் எழுதியதே. மக்னாட்டனிடம் இருந்த 750 பவுன் இல்லாதவர்க்கு, நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து இவ்வாறு ஒரு வழி திறந்தது.

இனி நம் நாடு. ஜூரி முறை 1973-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தோடு இங்கு முற்றிலும் நீங்கியது. ஆனால் மக்னாட்டன் விதி நீங்கவில்லை. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாக அமர்ந்தது. 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவாக அதே கருத்துடன் நிற்கின்றது. பன்னிருவர் இடத்தில் நீதிபதி ஒருவர். கேள்வி மட்டும் அதுவே. 1964-இல் தயாபாய் தக்கர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், சித்த சுவாதீனமின்மையை ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, உண்மையாயிருக்கக் கூடும் என்ற அளவில் காட்டினால் போதும் என்றது. 2014-இல் சத்ருகன் சௌகான் வழக்கில், மனநோயுற்ற கைதியின் தூக்கை ஆயுளாக மாற்றலாம் என்றது. 2019-இல், தண்டனைக்குப் பின் வந்த கடும் மனநோயும் கருதத் தக்கது என்றது. 1949 சூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், மரண தண்டனையை அறவே ஒழிப்பதையே தாம் விரும்புவதாகக் கூறினார். அது இன்னும் நடந்தேறவில்லை. 2016-இல் டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வின்படி, தூக்குக் கைதிகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர்.

நம் கழகத்தில் சட்டம் பயிலும் மாணவர்கட்கும் ஊர்க் கிளைப் பொறுப்பாளர்கட்கும் ஒன்று சொல்வோம். குற்றம் சாட்டப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத மனநிலையில் உள்ளார் என்று தோன்றினால், விசாரணைக்கு முன்பே நீதிபதி அதனை ஆராய வேண்டுமென்று நம் நடைமுறைச் சட்டமும் கூறுகிறது; ஆபர்னில் தவறாகக் கேட்கப்பட்ட அதே கேள்விதான். எவரும் எடுத்துரைக்காவிடில் அது பெரும்பாலும் எழுவதில்லை. ஆகவே ஊரில் ஒருவர் நோயுற்றிருந்தால், அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் சீட்டு, மருந்துச் சீட்டு, கோயிலுக்கோ தர்காவுக்கோ கொண்டுபோய்க் கட்டிவைத்த நாள் ஆகியவற்றைத் தேதியுடன் குறித்து வையுங்கள். கைதான முதல் வாரத்திலேயே அவற்றை வழக்கறிஞர் கையில் சேருங்கள். வழக்கறிஞருக்குக் காசில்லையே என்று கலங்க வேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும், மனநோயாளரும், காவலில் உள்ளோரும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். வட்ட நீதிமன்றம் தோறும் அதற்கான குழு உண்டு. விண்ணப்பம் தமிழில் எழுதினாலே போதும்.